கிள்ளானில் நிழல் தெற்கே விழும்

அரைமணி நேரத் தலைமையுரையை ஐம்பதே நிமிடங்களில் முடித்து அமர்ந்திருக்கும் எங்கள் கழகத் தலைவர் டத்தோ வேலாயுதம் அவர்களே. அந்த ஐம்பது நிமிடமும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கைதட்டிய துணைத்தலைவர், துணிக்கடைப் பெரியவர் கிஃபாயத்துல்லா அவர்களே. முன்வரிசையை அணிசெய்யும் சான்றோர்களே. முன்வரிசையில் பெயர் எழுதி ஒட்டியும் வராத சான்றோர்களே. அவர்கள் வரமாட்டார்கள் என்று முன்கூட்டியே உணர்ந்து அந்த நாற்காலிகளில் அமர்ந்துகொண்ட அறிஞர்களே. பந்திங்கிலிருந்தும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே. தாய்மார்களை வாசலில் இறக்கிவிட்டு இன்னும் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கும் தந்தைமார்களே. எல்லோரையும் அழைத்து முடித்தபின் நினைவுக்கு வருகின்ற, ஆனால் இந்த விழாவே யாருக்காக நடக்கிறதோ அந்த மாணவ மணிகளே. உங்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

பின்வரிசையில் ஓர் அன்பர் கையை ஆட்டுகிறார். மைக் கேட்கவில்லையா? கேட்கிறதாம். கேட்பதுதான் அவருக்குக் கவலை. பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா, பிரியாணி இன்னும் வந்து சேரவில்லை.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'அறிவியல் திறனறித் தேர்வு: நேற்று, இன்று, நாளை.' நாளையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இன்றைப் பற்றித் தலைவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எஞ்சியிருப்பது நேற்று. நேற்று நடந்ததை நான் பேசக்கூடாது என்று கழகத்தில் ஒரு பகுதியினர் கருதினார்கள். இன்னொரு பகுதியினர் நான் எதையுமே பேசக்கூடாது என்று கருதினார்கள். இருவருக்கும் பொதுவாக, நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறேன்.

பதினேழு ஆண்டுகளாக இந்தத் தேர்வின் கேள்வித்தாளைத் தயாரித்தவன் நான். ஐம்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், நான்கில் ஒன்று சரி. எது சரி என்பது எங்கே இருக்கும்? இயற்கையில் இருக்கும் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்குத் தேர்வு எழுதிப் பழக்கமில்லை. அது விடைப்பட்டியலில் இருக்கும். விடைப்பட்டியல் எங்கே இருக்கும்? என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கும். அதற்கு மேல் முறையீடு உண்டா? கிடையாது. எங்கள் விதிமுறையில் ஏழாவது விதி அது. எழுதியவனும் நான்தான்.

திறனறித் தேர்வு என்றால் என்ன? பிள்ளையிடம் இருக்கும் திறனை அறிவது. ஆனால் நம் பெற்றோர் இருக்கிறார்களே, அவர்களுக்கு எதையும் சும்மா அறியவிட மனம் வராது. திறனை அறிய ஒரு தேர்வு. அந்தத் தேர்வுக்கு ஒரு டியூஷன். அந்த டியூஷனில் சேர ஒரு நுழைவுத் தேர்வு. அந்த நுழைவுத் தேர்வுக்கும் இப்போது சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பு நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். யாரோ ஒரு தாய் தலையாட்டுகிறார். நடக்கிறதாம். பழைய ஆண்டுகளின் கேள்விகளை எல்லாம் திரட்டி, தொகுத்து, தைத்து, அட்டை போட்டுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். நாங்களும் அந்தப் பிள்ளைகளின் உழைப்பு வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், பழைய கேள்விகளையே திரும்பக் கேட்கிறோம். இப்படியாக, ஒருவருக்கொருவர் உதவி செய்துகொண்டு, பதினேழு ஆண்டுகள் மகிழ்ச்சியாக ஓடிவிட்டன.

இந்த ஆண்டு கேள்வி எண் முப்பத்தேழு. அதை வாசித்துக் காட்டுகிறேன். 'ஜூன் மாதத்தில் ஒரு நாள், கிள்ளானில் வசிக்கும் தமிழன்பன் தன் வீட்டு ரம்புத்தான் மரத்துக்கு அருகே வெட்டவெளியில் ஒரு கம்பத்தை நட்டான். சூரியன் உச்சத்துக்கு வரும் நண்பகல் வேளையில் அந்தக் கம்பத்தின் நிழல் எத்திசையில் விழும்?' வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு.

அழகான கேள்வி. மண்மணம் கமழும் கேள்வி. இதை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. ஆகவே நானே சொல்கிறேன். ஒரு குளிர்நாட்டில் அச்சான பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தேன். அதில் டாம் என்றொரு பையன் ஆப்பிள் மரத்துக்கு அருகே கம்பம் நட்டிருந்தான். நம் பிள்ளைகளுக்கு நம் சூழலில் கேள்வி அமைய வேண்டும் என்பது கழகத்தின் கொள்கை. கொள்கைப்படி டாமைத் தமிழன்பன் ஆக்கினேன். ஆப்பிளை ரம்புத்தான் ஆக்கினேன். அவன் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றினேன். அவனுடைய ஊரை அழித்துவிட்டுக் கிள்ளான் என்று எழுதினேன். ஜூனை அப்படியே விட்டேன். ஜூன் நமக்கும் வருகிறது. விடையையும் அப்படியே விட்டேன். விடை, வடக்கு.

பையனை மாற்றினேன், பழத்தை மாற்றினேன், ஊரை மாற்றினேன். அன்பர்களே, சூரியனை மாற்ற மறந்துவிட்டேன்.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். சிரிக்காமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறீர்களே, அவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். டாமின் ஊரில் மதியச் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கேதான் நிற்கும். நிழல் வடக்கே விழும். நாமோ பூமத்திய ரேகையின் மடியில் உட்கார்ந்திருக்கிறோம். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நிழல் தெற்கே விழுகிறது. மற்ற மாதங்களில் நேர் எதிர். இதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் வேண்டாம். குனிந்து பார்த்தால் போதும். என்னிடம் பட்டம் இருந்தது. குனிந்து பார்க்கவில்லை.

முடிவுகள் வெளிவந்தன. பிரிக்ஃபீல்ட்ஸ் மாணவன் குகன், ஐம்பதுக்கு ஐம்பது. முதலிடம். பினாங்கில் நடக்கும் பத்து நாள் அறிவியல் முகாமுக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஒரே ஒரு மாணவர்தான் போகலாம். அந்த ஒரே இடம் அவனுக்கு. அவன் படித்த டியூஷன் நிலையம் மறுநாளே சாலையோரத்தில் பேனர் கட்டிவிட்டது. பையனின் முகம் எட்டடி. ஐம்பது என்ற எண் பத்தடி.

அடுத்த வாரம் என் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பெர்னிஸ், ஆறாம் ஆண்டு, பந்திங். நாற்பத்தொன்பது மதிப்பெண், இரண்டாம் இடம். கடிதம் அரைப் பக்கம்தான். அப்படியே வாசிக்கிறேன்.

'மதிப்பிற்குரிய ஐயா, கேள்வி முப்பத்தேழில் என் விடை தெற்கு. நீங்கள் வடக்கு என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் பள்ளி மதியம் ஒன்று பத்துக்கு முடியும். அம்மா கிளினிக்கில் வேலை செய்கிறார். மதிய ஓய்வில் மோட்டார் சைக்கிளில் வந்து என்னை ஏற்றிக்கொள்ள ஒன்று இருபதுக்கு மேல் ஆகும். அதுவரை நான் பள்ளிப் பெயர்ப்பலகையின் நிழலில் நிற்பேன். ஜூன் மாதம் நிழல் கேட் பக்கம் விழும். கேட் தெற்கே இருக்கிறது. ஜனவரியில் நிழல் சாக்கடைப் பக்கம் விழும். சாக்கடை வடக்கே இருக்கிறது. அங்கே நின்றால் நாற்றம் அடிக்கும். அதனால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்படிக்கு, பெர்னிஸ்.'

பதினேழு ஆண்டுகளில் என் கைக்கு வந்த அறிவியல் கட்டுரைகளில் இதுதான் சிறந்தது. கண்டது இருக்கிறது, காலம் இருக்கிறது, திசை இருக்கிறது, மூக்கின் சாட்சியமும் இருக்கிறது. படித்ததும் நான் என்ன செய்தேன்? மேதை ஒருத்தியைக் கண்டுகொண்டேன் என்று துள்ளிக் குதித்தேனா? இல்லை. ஏழாவது விதியைச் சுட்டிக்காட்டி ஒரு பதில் எழுதினேன். நல்லவேளையாக அதைத் தபாலில் சேர்ப்பதற்குள் கிஃபாயத்துல்லா ஐயா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார்.

"ஏன் சார், வெளிய போயி ஒரு தடவை பார்த்துட்டா என்ன?" என்றார்.

"விதியில இடமில்லீங்க."

"விதியில இல்லாட்டி என்ன, கார் பார்க்குல எடம் இருக்குல்ல?"

இப்படித்தான், ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இதே மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில், கழகத்தின் வரலாற்றில் முதல் முறையாக ஒரு கேள்வி வெயிலில் வைத்துச் சோதிக்கப்பட்டது. பெர்னிஸ் தன் தாய் மகதலேனாவோடு பந்திங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தாள். குகன் தந்தையோடு காரில் வந்தான். செயற்குழுவினர் பேட்மிண்டன் வலைக் கம்பம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்கள். டத்தோ கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். வெயிலுக்குக் கோட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். படம் எடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

முதல் சிக்கல், தெற்கு எது? நான்கு பேர் நான்கு கைப்பேசிகளை எடுத்தார்கள். நான்கு தெற்குகள் கிடைத்தன. எங்கள் செயற்குழுவில் இவ்வளவு குறைவான கருத்து வேறுபாட்டை நான் பார்த்ததில்லை. கிஃபாயத்துல்லா ஐயாதான் கடைசியில் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த சுராவை, அந்தச் சிறிய தொழுகைக்கூடத்தைக் காட்டினார்.

"போன எல்லாம் உள்ள வைங்க பாஸ். முப்பது வருஷமா அங்க தொழுறேன். அந்தச் செவரு பார்த்திருக்கே, அதான் கிப்லா, நாங்க தொழுற தெசை. மேற்குலேருந்து வடக்கால இருபத்திரெண்டரை டிகிரி. அதுலேருந்து கணக்குப் போடுங்க, தப்பாது."

குகன் பையிலிருந்து கோணமானியை எடுத்தான். பெர்னிஸ் சுண்ணக்கட்டியை எடுத்தாள். இரண்டு பேரும் தரையில் மண்டியிட்டு நான்கு திசைகளையும் வரைந்து முடித்தார்கள். ஒரே இடத்துக்குப் போட்டியிடும் இருவர் இப்படிச் சேர்ந்து வேலை செய்வதைப் பார்த்துச் செயற்குழுவினர் திகைத்துப்போனோம். எங்களுக்கு அது பழக்கமில்லை.

சரியாகப் பன்னிரண்டு மணி. டத்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நண்பகல்," என்று அறிவித்தார். எல்லோரும் குனிந்தோம். நிழல் தெற்கே விழவில்லை. வடக்கேயும் விழவில்லை. ஒன்றரை முழ நீளத்துக்குத் தென்மேற்கில் நீட்டிக்கொண்டு கிடந்தது.

டத்தோவின் முகம் மலர்ந்தது. "ஆகக்கூடி ரெண்டு விடையுமே தப்பு. அப்ப வழக்கு முடிஞ்சிச்சு. உள்ள போலாம் லா, சாப்பாடு ஆறுது."

நான்கு விடைகளில் இல்லாத ஐந்தாவது விடையைச் சூரியன் எழுதியிருக்கிறது. ஆகவே சூரியனுக்கும் மதிப்பெண் இல்லை. என் விதிமுறையின்படி அதுதான் சரி. நானும் உள்ளே போகத் திரும்பிவிட்டேன்.

"அங்கிள், இன்னும் நண்பகல் ஆகல," என்றாள் பெர்னிஸ்.

டத்தோ கடிகாரத்தை அவளுக்கு நேராகக் காட்டினார். "பன்னெண்டு ஆயிருச்சும்மா."

"அது உங்க வாட்சுக்கு ஆயிருச்சு அங்கிள். சூரியனுக்கு இன்னும் ஆகல. நிழல் ரொம்பக் குட்டையாகணும். எங்க அம்மா வர்ற நேரத்துலதான் ஆகும். ஒன்னு இருபது."

"ஒன்னு இருபது வரைக்கும் இங்கயா நிக்கறது?"

"நான் டெய்லி நிக்கறேன் அங்கிள்."

டத்தோ கோட்டைக் கழற்றினார். இது வெறும் புகழ்ச்சியில்லை. இருபது ஆண்டுகளாக அவரோடு பழகுகிறேன். பொது இடத்தில் அவர் கோட்டைக் கழற்றி நான் பார்த்தது அன்றுதான்.

நின்றோம். கிள்ளான் வெயிலில் ஒரு மணி இருபது நிமிடம் நின்றோம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இருவரும் நிழலின் நுனியில் ஒரு கோடு போட்டார்கள். நிழல் சுருங்கியது. சுருங்கிக்கொண்டே திரும்பியது. தென்மேற்கிலிருந்து தெற்கு நோக்கி, அவசரமில்லாமல், யாருடைய பரிந்துரையும் இல்லாமல் நகர்ந்தது. ஒன்று இருபதுக்கு ஒரு முழ நிழல், பெர்னிஸ் வரைந்த தெற்குக் கோட்டின் மேல் அப்படியே படுத்துக்கொண்டது. நம் நாட்டுக் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

முதலில் பேசியவர் குகனின் தந்தை. "டத்தோ," என்றார் மெதுவாக, "பேனர் கட்டியாச்சு."

நியாயமான வாதம். டத்தோ நல்ல மனிதர். யார் மனமும் புண்படக்கூடாது என்று நினைப்பவர். உடனே ஒரு வழி சொன்னார். "ஒன்னு பண்ணலாம். அந்தக் கேள்விய கேன்சல் பண்ணிட்டு எல்லாருக்கும் ஒரு மார்க் குடுத்துடலாம். ரெண்டு பேரும் ஐம்பது. முதல்ல அறிவிச்ச பேரு அப்படியே இருக்கட்டும். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல லா."

செயற்குழு ஒருமனதாகத் தலையாட்டியது. நானும் ஆட்டினேன். ஒளிக்காமல் சொல்கிறேன், எல்லோரையும்விட வேகமாக ஆட்டினேன். கேள்வி ரத்தானால் என் தவறும் ரத்தாகிவிடும் அல்லவா?

அதுவரை ஓரமாகத் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்த மகதலேனா முன்னால் வந்தார். சத்தம் போடவில்லை. "சார், மார்க்க யாருக்கு வேணும்னாலும் குடுங்க. நான் சண்டைக்கு வரல. ஆனா எம் மவ பார்த்துட்டு எழுதுனா. பார்க்காதவங்களுக்கும் அதே மார்க்குன்னா, நாளைக்கு அவ எதுக்கு சார் பார்க்கணும்?"

பதினேழு ஆண்டுகளில் நான் கேட்ட எண்ணூற்றைம்பது கேள்விகளில் ஒன்றுகூட அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வராது. செயற்குழுவில் மூன்று முனைவர்கள் இருந்தார்கள்.

பதில் சொன்னவன் குகன். கம்பத்தை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னான். "அங்கிள், கேன்சல் பண்ண வேணாம். அது தெற்கு. நான் வடக்குன்னு எழுதுனேன். தப்பு."

"டேய், சும்மா இரு," என்றார் தந்தை.

"இல்லப்பா. நோட்ஸ்ல வடக்குன்னு இருந்துச்சு, அதையே எழுதிட்டேன். இங்கதான் கம்பத்தப் புடிச்சிட்டு நிக்கறேன்ல. எப்படி வடக்குன்னு சொல்றது?"

தந்தை கைக்குட்டையால் மகனின் நெற்றியைத் துடைத்துவிட்டார். பிறகு, "வா, வந்து தண்ணியாச்சும் குடி," என்றார். தோளில் கையைப் போட்டு அழைத்துக்கொண்டு போனார். அந்தப் பையனின் மதிப்பெண் அந்த நிமிடத்தில் ஐம்பதிலிருந்து நாற்பத்தொன்பதுக்கு இறங்கியது. இன்று காலை இரண்டாம் பரிசு வாங்க அவன் மேடை ஏறியபோது நீங்கள் சாதாரணமாகக் கைதட்டினீர்கள். உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

இப்போது தட்டுகிறீர்கள். தட்டுங்கள், நான் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

டியூஷன் நிலையம் பேனரை அவிழ்த்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டியிருப்பதாகக் கேள்வி. 'நேர்மையில் முதலிடம், சேர்க்கை நடைபெறுகிறது' என்று எழுதியிருக்கிறார்களாம். அதே முகம், அதே எட்டடி.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் சிரித்துக்கொண்டே அமர்ந்திருப்பேன். ஆனால் குகன் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். "சார், இந்தக் கேள்வி முன்னயும் வந்திருக்கு. நோட்ஸ்ல மூணு தடவை இருக்கு."

மறுநாள் நானும் கிஃபாயத்துல்லா ஐயாவும் கழகத்தின் சாமான் அறையைத் திறந்தோம். பழைய விடைத்தாள் பெட்டிகள். ஓர் ஆண்டுத் தாள்களைக் கரையான் திருத்திவிட்டிருந்தது. மற்ற இரண்டு ஆண்டுகளின் தாள்கள் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினோம். தெற்கு என்று எழுதிய பிள்ளைகள் அறுபத்தொருவர். அறுபத்தொரு சிவப்புக் குறுக்குக்கோடுகள். எல்லாம் என் பேனா. கோடு நேராக, அழுத்தமாக, சந்தேகமே இல்லாமல் இருந்தது. எனக்கு அப்போது நல்ல கையெழுத்து.

அறுபத்தொரு பேருக்கும் கடிதம் எழுதினோம். 'அன்புடையீர், பல ஆண்டுகளுக்கு முன் நீங்கள் எழுதிய விடை சரி. திருத்தியது தவறு. மன்னிக்கவும்.' அவ்வளவுதான். பாதிக் கடிதங்கள் முகவரி மாறித் திரும்பி வந்துவிட்டன. சிலர் பதில் எழுதினார்கள். ஒரு பெண் சிரிக்கும் முகம் மட்டும் அனுப்பினாள். சுங்கை பூலோவிலிருந்து கால்வின் என்ற இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலை.

"சார், லெட்டர் கெடச்சிச்சு. ரொம்ப டேங்க்ஸ். ஆனா ஒரு சின்ன விஷயம். அன்னிக்கு இந்த ஒரு மார்க்குக்கு அம்மாகிட்ட நல்லா வாங்குனேன். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்களே போன் போட்டு அவங்ககிட்ட சொல்லிடுங்களேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டேதான் அந்தத் தாய்க்குத் தொலைபேசி போட்டேன். விவரம் முழுவதையும் சொன்னேன். பிறகு அவர் சொன்னார்.

"எனக்குத் தெரியும் சார். அன்னிக்கு அவன் என் கையப் புடிச்சு வெளிய இழுத்துக்கிட்டுப் போனான். துணி காயப்போடற கம்பத்துக்கிட்ட நிக்க வெச்சு, பாருங்கம்மா, பாருங்கம்மான்னான். நான் பார்த்தேன் சார். தெற்காலதான் விழுந்திருந்துச்சு. பார்த்துட்டுத்தான் அடிச்சேன். சார்மாருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு கேட்டு அடிச்சேன்."

அன்பர்களே, நான் நகைச்சுவையாகப் பேசுபவன் என்று சொல்லித்தான் என்னை இந்த மேடைக்கு அழைத்தார்கள். இந்த இடத்தில் எனக்கு நகைச்சுவை வரவில்லை. அந்தத் தாய் பார்த்தார். தன் கண்ணால் பார்த்தார். தன் வீட்டு வாசலில், தன் துணி காயும் கம்பத்தில், தன் பிள்ளை விரல் நீட்டிய இடத்தில் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் கண்ணை நம்பாமல் என் இழுப்பறையை நம்பினார். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது யார்? பிள்ளையின் விரலைவிட என் பேனா பெரிது என்று அவரிடம் சொன்னது யார்? பார்ப்பதைச் சொன்னால் அடி, பட்டியலில் இருப்பதைச் சொன்னால் பரிசு என்று பதினேழு ஆண்டுகள் பாடம் நடத்தியது யார்? நான். இதோ, மாலை போட்டு மேடையில் உட்காரவைத்திருக்கிறீர்களே, இந்த நான்.

அறிவியல் திறன் என்று நாம் எதைத் தேடுகிறோம்? அறிவுக்கூர்மையையா, அச்சடித்த குறிப்பையா? அந்தத் திறன் அன்றைக்கு எங்கே இருந்தது? பந்திங்கில் ஒரு பெயர்ப்பலகையின் நிழலில் இருந்தது. சுங்கை பூலோவில் ஒரு துணிக்கம்பத்தின் அடியில் இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் பையன் ஒருவன் தந்தையின் முன்னால் 'தப்பு' என்று சொன்ன சொல்லில் இருந்தது. எங்கே இல்லை? என் விடைப்பட்டியலில் இல்லை. அது இருந்த இடத்திலெல்லாம் நாம் சிவப்புக் கோடு போட்டோம். கோடு போட்டுவிட்டு, நம் சமூகத்தில் விஞ்ஞானிகள் ஏன் வரவில்லை என்று ஆண்டுதோறும் கருத்தரங்கம் நடத்தினோம். கருத்தரங்கத்துக்கு நான்தான் தலைமை.

ஆகவே ஏழாவது விதி நீக்கப்பட்டுவிட்டது. இனி எந்த மாணவரும் எந்த விடையையும் எதிர்த்துக் கடிதம் எழுதலாம். அறிவித்த ஒரு மாதத்தில் இருநூற்றுப் பதினான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. அதில் இருநூற்று ஒன்பது பேர் சொல்வது தவறு. மீதி ஐந்து பேர் சொல்வது சரி. இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் செயற்குழு செய்து பார்த்துத்தான் பதில் எழுத வேண்டும் என்பது புது விதி. போன வாரம் தவளை பற்றிய கேள்வி ஒன்றுக்காக மூன்று முனைவர்களும் வயல் பக்கம் போனார்கள். டத்தோ தொப்பி வாங்கிவிட்டார்.

தாய்மார்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளை கையைப் பிடித்து வெளியே இழுத்தால், போங்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள். பார்த்தபிறகு அவன் சொல்வது தவறென்றால் தவறென்று சொல்லுங்கள். அதைச் சொல்வதற்கு உங்களுக்கு உரிமை வந்துவிடுகிறது, ஏனென்றால் நீங்களும் பார்த்துவிட்டீர்கள். பார்க்காமல் மட்டும் என் பேரைச் சொல்லி அடிக்காதீர்கள். என் பேர் அவ்வளவு வலுவான பேர் இல்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை பெர்னிஸ் பினாங்கு முகாமுக்குப் புறப்படுகிறாள். அவளை இப்போது மேடைக்கு அழைத்து என் கையால் முதல் பரிசைக் கொடுக்கச் சொல்லி நிகழ்ச்சி நிரலில் எழுதியிருக்கிறார்கள். அதை மட்டும் மாற்றிவிட அனுமதி கேட்டேன், தலைவர் அனுமதித்தார். நாலாவது வரிசையில், நீலச் சட்டையில் ஓர் இளைஞரும் அவர் தாயாரும் அமர்ந்திருக்கிறார்கள். சுங்கை பூலோவிலிருந்து வந்திருக்கிறார்கள். தம்பி கால்வின், அம்மா, இரண்டு பேரும் மேடைக்கு வாருங்கள். இந்தப் பரிசை நீங்கள் இருவரும் சேர்ந்து பெர்னிஸின் கையில் கொடுங்கள். நான் ஓரமாக நின்று கைதட்டுகிறேன்.

கொடுத்ததை வாங்கிக்கொண்ட மேடைக்கும், வாங்கியதைப் பொறுத்துக்கொண்ட சபைக்கும், மண்டபத்தாருக்கும், மைக்கை இன்னும் அணைக்காத அன்பருக்கும் என் நன்றி. எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.